உர லொறியில் திரும்பிப் போன கணினிகள்

செல்வராணி கொண்டுவந்த பை

ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் கம்பனியின் குரூப் ஒப்பீஸ் இருந்தது. சுற்றியுள்ள தோட்டங்களின் கணினிகள், பிரிண்டர்கள், யூ.பி.எஸ்.கள் எல்லாம் என் பொறுப்பு. பதவியின் பெயர் சிஸ்டம்ஸ் ஒப்பீசர். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் என்னை ‘கொம்பியூட்டர் மிஸ்’ என்பார்கள். ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் அடிக்கடி ஃபோன் எடுத்து ஏதாவது கேட்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை, கொழுந்து எடுக்கப் போகிற நேரத்தில், ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்கைக் கட்டியிருந்தார். மலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. பையிலிருந்த பொருளை வாசற்படியிலேயே வைத்தார்.

அது பாதி உருகிப்போன ஒரு மொனிட்டரின் பின்பக்க மூடி. கரி நாற்றம் அடித்தது. ஒரு மூலை மட்டும் எரியாமல் இருந்தது. அந்த மூலையில் எங்கள் கம்பனியின் அசெட் ஸ்டிக்கர். அதில் இலக்கத்தை எழுதியிருந்தது நான்.

“இது ஒங்க ஆபீஸ் சாமான்தானே மிஸ்?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். எங்கே கிடந்தது என்று கேட்டேன்.

“எங்க கீழ் டிவிஷன்ல, தண்ணி ஊத்துக்கு மேல. ரெண்டு மூணு வாட்டி எரிச்சிட்டாங்க. கறுப்புப் பொகை லயத்துக்குள்ள வந்து நிக்குது. எம் மகளுக்கு ஏற்கனவே இழுப்பு. இப்ப தண்ணியிலயும் ஒரு வாடை வருது. ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குறாங்க, வீட்டுக்கு வந்தா திரும்ப அதே தண்ணி, அதே பொகை.”

யார் எரித்தது என்று கேட்டேன். கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டார்.

“எங்க வீட்டுக்காரரோட தம்பி, ரவி. பொலிசுக்கெல்லாம் போயிறாதீங்க மிஸ். அவருக்கும் ரெண்டு புள்ளைங்க. எனக்கு எரிக்கிறது நிக்கணும், அவ்வளவுதான்.”

பெயர் கேட்டேன். செல்வராணி என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார்.

ஊற்றுக்கு மேலே

அன்று மத்தியானம் கீழ் டிவிஷனுக்குப் போனேன். லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு ஊற்று. அதிலிருந்து பைப் போட்டுத் தொட்டியில் தண்ணீர் சேர்த்துக் குடிக்கிறார்கள். ஊற்றுக்கு மேலே, மழைநீர் ஓடுகிற ஒரு கானின் ஓரத்தில், தரை கறுத்துக் கிடந்தது. உருகிய வயர், உடைந்த மொனிட்டர்க் கண்ணாடி, பிளந்து போட்ட யூ.பி.எஸ். பேட்டரிப் பெட்டிகள். எல்லாம் ஒரு காலத்தில் நான் பூட்டிக் கொடுத்தவை.

இளையவர்கள் இந்த விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வயரின் மேல் உறையை எரித்தால் வருகிற புகை சாதாரணக் குப்பைப் புகை அல்ல. பழைய மொனிட்டர்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. யூ.பி.எஸ். பேட்டரிக்குள் ஈயமும் அசிட்டும் இருக்கின்றன. கணினி மேசையில் இருக்கும்வரை இவற்றால் கெடுதல் இல்லை. உடைத்து, எரித்து, தண்ணீர் ஓடுகிற இடத்தில் கொட்டும்போதுதான் வினை.

ரவி லயத்தில் அவருடைய ஓரறை வீட்டில், காம்பராவில், இருந்தார். முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்த வேலை போன பிறகு பழைய சாமான் வாங்கி விற்றார். மனைவி தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்வதால்தான் அந்தக் காம்பரா அவர்களுக்கு இருந்தது. நான் கேட்டதும் எதையும் மறைக்கவில்லை.

“கொடகவெல டவுன் பழைய இரும்புக் கடைக்காரரு உரிச்ச கம்பியா குடுத்தாத்தான் எடுப்பாரு மிஸ். கத்தியால உரிச்சா நாள் பூரா போயிரும். நெருப்புல போட்டா உடனே வந்துரும்.”

“பேட்டரிய என்ன செஞ்சீங்க?”

“உள்ள இருக்க ஈயத்தத்தான் கேட்டாரு. தண்ணிய கான்ல ஊத்திட்டேன்.”

“அது அசிட்.”

“கையில பட்டு எரிஞ்சிச்சு, அதனால தெரியும். மழ வந்தா அடிச்சிக்கிட்டுப் போயிரும்னு நெனச்சேன்.” பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “அண்ணிதானே வந்து சொன்னாங்க?”

நான் பதில் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் போதுமான பதிலாகிவிட்டது. அன்று மாலையிலிருந்து ரவியின் மனைவி செல்வராணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு காம்பராவும் ஒரே லயத்தில், அடுத்தடுத்து இருப்பவை.

சாமான் எப்படி அவரிடம் போனது என்பதைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. எங்கள் ஸ்டோரில் இடம் இல்லை என்று, கழித்த கணினிகளையும் ஓட்டைத் தகரங்களையும் பழைய தராசுகளையும் ஒரே குவியலாகக் கொடகவெல கடைக்காரருக்கு விற்றிருந்தார்கள். அவர் இரும்பை எடுத்துக்கொண்டு மீதியை உரித்துத் தரும்படி ரவியிடம் கொடுத்திருந்தார். எல்லாம் முறைப்படி ஒப்பம் வாங்கிச் செய்த விற்பனை. ஸ்டோர் கேட்டைத் தாண்டியதும் அந்தச் சாமானைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பெரிய தொரையின் மேசையில்

குரூப் மெனேஜரைத் தோட்டத்தில் எல்லோரும் பெரிய தொரை என்றே சொல்வார்கள். சிங்களவர். சின்ன தொரையாக இருந்த காலத்தில் மலையில் நின்று பழகிய தமிழ் அவருடையது. இடையிடையே சிங்களம் வரும்; சம்மதம் என்றால் ‘ஹரி’ என்பார், சரி என்று அர்த்தம்.

மொனிட்டர் மூடியை அவர் மேசையில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்து வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“யார் அவன்? பொலிசுக்கு ஒரு கோல் எடுங்க. அந்தக் காம்பராவையும் திருப்பி எடுக்கணும். தண்ணிக்கு மேல நெருப்பு வைக்கிற ஆளுக்குத் தோட்டத்துல எடம் இல்ல.”

காம்பரா போனால் ரவியின் மனைவிக்கு வேலையும் இல்லை. செல்வராணி பயந்தது இதற்குத்தான்.

“சேர், எரிச்சது அவர். வித்தது நாங்க. பொலிஸ் வந்தா முதல்ல இந்த ஸ்டிக்கரத்தான் பார்ப்பாங்க” என்றேன்.

அவர் மூடியைத் திருப்பி ஸ்டிக்கரில் இருந்த இலக்கத்தைப் படித்தார்.

“ஹரி,” என்றார். “அப்ப என்ன செய்யலாம்னு சொல்லுங்க. ஆனா அதுக்கு முந்தி இதையும் பாருங்க.”

கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஹெட் ஒப்பீஸிலிருந்து அன்று காலையில் வந்த ஈமெயில். எங்கள் கணினிகளில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனி அப்டேட் வராது, புதிய பதிப்பை அந்தப் பழைய மெஷின்கள் ஏற்காது, ஆகவே எல்லாத் தோட்டங்களிலும் எல்லாக் கணினிகளையும் மாற்ற வேண்டும், பழையவற்றை அந்தந்த இடத்திலேயே கழித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

கீழ் டிவிஷனில் எரிந்தது ஒரு மூலைக் குவியல். இனி வரப்போவது ஒரு லொறி நிறைய.

நான் அப்போது பெரிய திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை. அந்த அறையிலேயே யோசித்துச் சொன்னேன். மெஷின்கள் பழுதாகவில்லை, அவற்றின் சிஸ்டத்துக்குத்தான் காலம் முடிந்துவிட்டது. மடுவத்தில் கொழுந்து நிறை பதிகிறவர்களும், தோட்ட ஒப்பீஸில் தரவு ஏற்றுகிறவர்களும் வேலை செய்வது ஒரு பிரவுசருக்குள்தான். அதற்கு இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, ரேமையும் கொஞ்சம் கூட்டினால் இன்னும் சில வருடம் ஓடும். சம்பளமும் கணக்கும் போடுகிற மெஷின்களுக்கு மட்டும் புதியது வாங்கலாம்.

“ஒடிட் கேட்டா?”

“அப்டேட் வராத சிஸ்டம் ஒண்ணுகூட நெட்வர்க்ல இருக்காது சேர். அதுதான் அவங்க கேக்குறது. புது மெஷினா பழைய மெஷினாங்கிறது அவங்க கேள்வி இல்ல.”

ஒரு மாதம் தந்தார். முதலில் குரூப் ஒப்பீஸிலேயே செய்து காட்டச் சொன்னார். ரவியின் விஷயத்தை அதுவரை தள்ளிவைத்தார். பொது சுகாதாரப் பரிசோதகரை அழைத்து ஊற்றுத் தண்ணீரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். வந்து மாதிரி எடுத்துப் போனவர், குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எரித்த இடத்துக்கும் மேலே வேறு இடத்திலிருந்து பைப் இழுக்கும்வரை, கீழ் டிவிஷன் பெண்கள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து மேல் லயத்திலிருந்து தண்ணீர் தூக்கினார்கள். அந்த நாட்களில் சிலர் ரவியை ஏசினார்கள், வேறு சிலர் சொல்லிக்கொடுத்த செல்வராணியை ஏசினார்கள். எங்கள் ஒப்பீஸை ஏசியவர்களும் இருந்தார்கள், ஆனால் எங்கள் காதுபட யாரும் ஏசவில்லை.

நடராஜா ஐயாவும் நான்கு வரியும்

குரூப் ஒப்பீஸின் பெரிய கிளாக்கர் நடராஜா ஐயா யாழ்ப்பாணத்தவர். பல வருடமாக எங்களோடு இருந்தவர். வேலையில் பிழை விடமாட்டார், பிறர் விட்டால் பொறுக்கவும் மாட்டார். என் யோசனையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பிள்ளை, கொழும்பில இருந்து புதுசு தாறன் எண்டு சொல்லேக்க வேண்டாம் எண்டு சொன்ன முதல் ஆள் நீர்தான். உந்தப் பழைய பெட்டியோட நான் இனியும் மாரடிக்க ஏலாது.”

“ஒங்க மேசைக்குப் புதுசு வரும் ஐயா. டிஸ்பெச் மேசையில மட்டும் பழசை வச்சுப் பார்ப்போம்.”

“டிஸ்பெச்சும் என்ர பொறுப்புத்தான். அதை மறந்து போகாதையும்.”

முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. எஸ்.எஸ்.டி. போட்ட மெஷின் முன்னைவிட வேகமாக எழுந்தது. நான் பிளக்கில் போடுகிற ஒரு சின்ன மீட்டரை வைத்து, எந்த மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்யும்போது போவதைவிட, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வீணாக ஓடுவதில்தான் அதிகம் போனது. சேர்வர் அறை ஏ.சி. வேறு. உள்ளே போகிறவர் ஸ்வெட்டர் போட வேண்டிய அளவுக்குக் குளிர வைத்திருந்தோம். சேர்வருக்கு அந்தக் குளிர் தேவையே இல்லை. மெஷின்கள் தாமாக உறங்கும்படி செட் பண்ணினேன், ஏ.சி.யைக் குறைத்தேன். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

பிறகு டிஸ்பெச் நாள் வந்தது. கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை ஏற்றிய லொறி கேட்டில் நின்றது. இன்வொய்ஸ் அடிப்பது அச்சடித்த கட்டங்கள் உள்ள தொடர்தாளில், ஒரு பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில். முதல் தாள் சரியாக வந்தது. இரண்டாவது தாளில் எழுத்து நான்கு வரி கீழே இறங்கியது. மூன்றாவதில் இன்னும் நான்கு. ஐந்தாவது தாளில் தேயிலையின் நிறை இருக்க வேண்டிய கட்டத்தில் லொறி இலக்கம் இருந்தது.

நான் டிரைவரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். லொறி டிரைவர் இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வெயார்ஹவுஸில் இறக்க மாட்டார்கள் என்றார். பெரிய தொரை ஃபோனில் கேட்டார். நடராஜா ஐயா கிழிந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: “நான் சொன்னனான்.”

அவர் சொன்னது உண்மைதான். இந்த லொறி தவறினால் என் யோசனையும் அதோடு போய்விடும். எல்லா மெஷினும் கழிக்கப்பட்டு மறுபடி அதே கொடகவெல கடைக்குத்தான் போகும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை நான் அழிக்காமல் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அதை எடுத்துத் திரும்பப் பூட்டினேன். மெஷின் ஆடி அசைந்து எழுந்தது. இன்வொய்ஸ் ஒழுங்காக வந்தது. லொறி போனது.

காரணத்தை அன்று பின்னேரம்தான் கண்டுபிடித்தேன். புதிய சிஸ்டம் தாளின் நீளத்தை ஏ4 என்று எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் தொடர்தாள் அதைவிடக் குட்டை. அந்த வித்தியாசம்தான் தாளுக்குத் தாள் நான்கு வரியாகச் சேர்ந்தது. ஒரே ஒரு செட்டிங். மாற்றியதும் எல்லாம் நேராக வந்தது. நடராஜா ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

“சரி. ஆனா அடுத்த டிஸ்பெச் முடியும்வரைக்கும் அந்தப் பழைய டிஸ்க்கை எறியாதையும்” என்றார்.

எறியவில்லை. அன்றுமுதல் எந்த மெஷினை மாற்றினாலும், அது செய்கிற ஆகக் கஷ்டமான வேலையை ஒருமுறை செய்துகாட்டும்வரை பழைய டிஸ்க்கைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

திரும்பும் லொறி

மாத முடிவில் பெரிய தொரை சம்மதித்தார். ஹெட் ஒப்பீஸ் கேட்டதில் சிறு பங்கு புதிய மெஷின்களே வந்தன. மீதிக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யும் ரேமும் வந்தன. பழையவற்றில் பெரும்பாலானவை மீண்டும் மேசைக்குப் போயின. எல்லாம் பிழைக்கவில்லை. போர்ட் போனவையும் கபாசிட்டர் வீங்கியவையும் இருந்தன. பழைய மொனிட்டர்களும் செத்த பேட்டரிகளும் இருந்தன. அவற்றை எங்கே அனுப்புவது?

அனுமதி பெற்று மின்னணுக் கழிவு எடுக்கிற இடம் கொழும்புப் பக்கம்தான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து எடுக்க மாட்டோம், கொண்டுவந்து தந்தால் எடுப்போம் என்றார்கள். தேயிலை லொறி போகும்போது நிரம்பிப் போகும், அதில் இடமில்லை. பிறகுதான் உர லொறி ஞாபகம் வந்தது. கொழும்பிலிருந்து உரத்தை ஏற்றிக்கொண்டு வருகிற லொறி, இறக்கிவிட்டு வெறுமையாகத்தான் திரும்பும். எப்படியும் போகிற லொறி, தனியாக டீசல் எரிக்கத் தேவையில்லை.

கழற்றிப் பிரிக்க ஆள் வேண்டும் என்றபோது ரவியின் பெயரைச் சொன்னேன். பெரிய தொரை, “மே மினிஹாமத?” என்றார். இதே ஆளா என்று அர்த்தம்.

“கழற்றத் தெரிஞ்ச ஆள் அவர்தான் சேர். அதோட, வேலை இல்லாட்டி திரும்ப நெருப்புத்தான் வைப்பார்.”

ரவிக்கு நாட்கூலி வேலை கிடைத்தது. முதல் நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கையுறை கொடுத்தேன், போட்டுக்கொண்டார். போர்ட் தனி, வயர் தனி, பேட்டரி தனி என்று பிரித்தோம். பேட்டரியைத் திறக்கக் கூடாது, நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். ஹார்ட் டிஸ்க்குகளை அழித்துத் துளை போடும்போது மட்டும், ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டார்.

“உள்ள ஆளுங்க பேரு, சம்பளம், அடையாள அட்டை நம்பர் எல்லாம் இருக்கு. ஒங்க வீட்டம்மா பேரும் இருக்கும்” என்றேன்.

“அப்ப முந்தி எங்கிட்ட வந்ததுலயும் இருந்திச்சா?”

இருந்திருக்கும் என்றேன். அதன் பிறகு அவர் ஒவ்வொரு துளையையும் தானே போட்டார்.

வேலை முடிந்தது. லொறி போனது. ரவி மீண்டும் பழைய சாமான் வாங்கப் போனார். அவருக்கு நிரந்தர வேலை கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எரித்த இடத்து மண்ணைச் சுரண்டி அள்ளி, அதையும் லொறியில் அனுப்பப் பார்த்தோம். மண்ணை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது இன்றும் பையில் கட்டி ஸ்டோரின் மூலையில் சீமெந்துத் தரையில் இருக்கிறது. என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. செல்வராணியின் மகளுக்கு இழுப்பு முற்றாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது என்று சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ரவி ஒப்பீஸுக்கு வந்தார். தோளில் ஒரு சாக்கு. அவருக்குப் பின்னால், இன்னொரு சிறிய சாக்கைப் பிடித்துக்கொண்டு செல்வராணி. இரண்டு பேரும் ஒன்றாக வந்ததை நான் கவனித்தேன்.

ரவி சாக்கை அவிழ்த்துக் காட்டினார். சர்க்கிட் போர்டுகள், மூன்று யூ.பி.எஸ். பேட்டரிகள். எதிலும் எங்கள் ஸ்டிக்கர் இல்லை.

“இது ஒங்களுது இல்ல மிஸ். டவுன்ல ஒரு கடையில கழிச்சது. வயர கத்தியால உரிச்சி எடுத்துக்கிட்டேன். இத என்ன செய்யுறதுன்னு தெரியல. உர லொறி எப்ப போகும்?”

“வீட்டுல வைக்க வேணாம்னு நாந்தான் சொன்னேன்” என்றார் செல்வராணி.

விதிப்படி, கம்பனிச் சொத்து இல்லாத எதையும் கம்பனி லொறியில் ஏற்ற முடியாது. பெரிய தொரையிடம் போய்க் கேட்டேன். அவர் ஜன்னலால் எட்டி அந்த இரண்டு பேரையும் சாக்கையும் பார்த்தார்.

“பேட்டரிய நிமிர்த்தியா வச்சிருக்கான்?” என்று கேட்டார்.

“ஆமா சேர்.”

“ஹரி. ஏத்துங்க.”

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த மெஷின் வாங்கலாம், எது கரண்ட் குறைவாக இழுக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்வேன். மெஷின் ஓடுகிறதென்றால் அதை ஓட விடுங்கள். அந்த மெஷினைத் தயாரிக்கும்போதே மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டார்கள். ஓடாதென்றால், அது ஸ்டோர் கேட்டைத் தாண்டியதும் உங்கள் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். அது எந்த மண்ணில் போய் இறங்குகிறது, அந்த மண்ணுக்குக் கீழே யார் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.